ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே மீண்டும் சுருக்கம்: ரத்தத்திலும் மரபணுவிலும் காரணம் தேடுவது பயன்தருமா?

பதிவு 1 – வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 62. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு, புகைப்பழக்கம் இல்லை, பிறந்தது முதல் சைவ உணவு. சென்ற ஆண்டு இதயத்தின் இடது முன்பக்க ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருப்பதாகச் சொல்லி ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். எட்டு மாதங்கள் நன்றாக இருந்தார். மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. அம்மா விடவும் மாட்டார். இப்போது மாடிப்படி ஏறும்போது மார்பு இறுக்கம் திரும்பியிருக்கிறது. மறுபடியும் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்ததில், அதே ஸ்டென்ட்டுக்குள் 80 விழுக்காடு சுருக்கம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

காரணம் கேட்டபோது, "அது அவருடைய உடம்பு வாகு" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று முதல் அண்ணனுக்கும் எனக்கும் தூக்கம் இல்லை. அந்த வாகு எங்களுக்கும் வந்திருக்குமா என்பது ஒரு கேள்வி. இதற்கிடையில் ஒரு தனியார் ஆய்வகம், ஸ்டென்ட் மீண்டும் அடைக்கும் ஆபத்தைக் கண்டறியும் மரபணுத் தொகுப்பு என்று ஒரு பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. ஏ.சி.இ., எம்.டி.எச்.எஃப்.ஆர்., சி.ஒய்.பி.2சி19 என்று பெயர்கள் நீள்கின்றன. அதன் கட்டணம் என் மாதச் சம்பளத்தில் பாதி. ஏற்கெனவே எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹோமோசிஸ்டீன் 22 என்றும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.9 என்றும் வந்திருக்கின்றன. உறவினர் ஒருவர் ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தால் போதும் என்கிறார்.

இந்தப் பரிசோதனைகளால் உண்மையில் ஏதேனும் தெரியவருமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 – நெறியாளர்

மருத்துவமனை, ஆய்வகம் ஆகியவற்றின் பெயர்களை யாரும் இங்கே குறிப்பிட வேண்டாம். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவாகவே இருக்கட்டும்.

பதிவு 3 – பழைய ஸ்டெத்

தம்பி, நான் ஆஞ்சியோ அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் மூன்று வெவ்வேறு சங்கதிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இவை மூன்றையும் நம் ஊரில் "ஸ்டென்ட் அடைத்துவிட்டது" என்ற ஒரே தொடரால் சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஸ்டென்ட்டுக்குள் திடீரென்று ரத்தம் உறைந்து நின்றுவிடுவது ஒன்று. அது பெரும்பாலும் மாரடைப்பாகவே வெளிப்படும். மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்து. ஸ்டென்ட் இருக்கும் இடத்தைத் தவிர்த்து வேறோர் இடத்தில் புதிதாகக் கொழுப்புப் படிவது இன்னொன்று. உங்கள் தந்தைக்கு வந்திருப்பது மூன்றாவது வகை. பலூனை ஊதிக் குழாயை விரிக்கும்போது அதன் உட்படலம் கிழிகிறது. உடல் அதை ஒரு காயமாகவே எடுத்துக்கொள்கிறது. காயம் ஆறும் முறையில், குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் உள்ள மென்தசைச் செல்கள் உள்நோக்கி நகர்ந்து பெருகி, ஸ்டென்ட்டின் கம்பிகளை மூடி வளர்கின்றன. ஒரு மெல்லிய படலத்தோடு நின்றால் அது நல்ல ஆறுதல். நிற்காமல் வளர்ந்து, குழாயின் உள்விட்டத்தில் பாதியையோ அதற்கு மேலோ அடைத்துக்கொண்டால் அதை மறுசுருக்கம் என்கிறோம். கையில் பட்ட வெட்டுக்காயம் சிலருக்குக் கோடாக ஆறுவதும், சிலருக்குத் தடித்த தழும்பாக எழும்புவதும் போல என்று நோயாளிகளுக்குச் சொல்வேன்.

இது ஆஞ்சியோபிளாஸ்டி பிறந்த நாள் முதல் உடன் வந்த தொல்லை. ஆன்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் முதல் முறையாக இதய ரத்தக்குழாயைப் பலூனால் விரித்தார். அந்த முதல் நோயாளிக்கு விரித்த இடம் பல்லாண்டுகள் திறந்தே இருந்தது. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் சுருங்கியது. 1986-இல் ஸ்டென்ட் வந்தது. 1994-இல் வெளியான பெனஸ்டென்ட் ஆய்வில் பலூன் மட்டும் பயன்படுத்தியவர்களில் 32 விழுக்காட்டினருக்கும், ஸ்டென்ட் வைத்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் மறுசுருக்கம் ஏற்பட்டது. விரித்த குழாய் ரப்பர் போலத் திரும்பச் சுருங்குவதை உலோகம் தடுத்துவிட்டது. செல்கள் பெருகுவதை அதனால் தடுக்க முடியவில்லை. ஒரே மருத்துவர், ஒரே வகை ஸ்டென்ட், ஒரே அளவு குழாய். அப்படியிருந்தும் ஒருவருக்குச் சுருங்கியது, அடுத்தவருக்கு இல்லை. ரத்தத்திலும் மரபணுவிலும் ஏதோ இருக்கிறது என்று உலகம் முழுவதும் தேடத் தொடங்கியது அதனால்தான். அந்தத் தேடல் வீண்போன கதையைச் சொல்ல இங்கே என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள்.

பதிவு 4 – தேரிக்காடு

என் சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த ஐந்தாம் நாளே அடைத்துவிட்டது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை அவர் உடம்பில் வேலை செய்யவில்லை, அது மரபணுக் கோளாறு என்றார்கள். ஆகவே மரபணுவுக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது?

பதிவு 5 – பழைய ஸ்டெத்

பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் சித்தப்பாவுக்கு ஐந்தாம் நாளில் நேர்ந்தது முதல் வகை, அதாவது ரத்த உறைவு. ஐந்து நாளில் தசைச் செல்கள் வளர்ந்து குழாயை அடைக்க முடியாது.

அவருக்குச் சொன்ன மரபணு சி.ஒய்.பி.2சி19 ஆகத்தான் இருக்கும். குளோபிடோகிரெல் மாத்திரை அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரல் அதை மாற்றியமைத்த பிறகே தட்டணுக்களைக் கட்டுப்படுத்தும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கும். இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்கு மருந்தின் பலன் குறைவு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010 மார்ச்சில் கட்டமிட்ட எச்சரிக்கையே வெளியிட்டது. தெற்காசியர்களிடம் இந்தப் பழுதான வடிவம் ஐரோப்பியர்களிடம் இருப்பதைக் காட்டிலும் கணிசமாக அதிகம். ஆகவே அந்த ஒரு சோதனைக்குப் பொருள் உண்டு. விடை தெரிந்தால் டிகாகிரெலார் போன்ற வேறு மாத்திரைக்கு மாற முடியும். ஆனால் வைகைக்கரையின் தந்தைக்கு இருக்கும் சுருக்கத்துக்கு அது விடை சொல்லாது. ஆய்வகம் இரண்டையும் ஒரே உறையில் போட்டு விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பதிவு 6 – இரட்டைச்சுருள்

மனித மரபியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். ஏ.சி.இ. மரபணுவின் கதையை மட்டும் முழுமையாகச் சொல்கிறேன். மற்றவற்றின் கதையும் பெரும்பாலும் இதே தடத்தில்தான் சென்றது.

பதினேழாவது குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவில் 287 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. துண்டு இல்லாத வடிவத்தை டி என்பார்கள். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் டி வடிவத்தையே பெற்ற டிடி வகையினரின் ரத்தத்தில் ஏ.சி.இ. நொதி அதிகமாக இருக்கும். அந்த நொதி உருவாக்கும் ஆஞ்சியோடென்சின் தசைச் செல்களைப் பெருகத் தூண்டும். ஆகவே டிடி வகையினருக்கு ஸ்டென்ட் அதிகம் சுருங்க வேண்டும் என்ற ஊகம் கேட்பதற்கு மிகப் பொருத்தமாகவே இருந்தது. 1997-இல் பிரான்சிலிருந்து 146 நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வும் அப்படியே சொன்னது.

பிறகு மியூனிக் நகரில் 1,850 நோயாளிகளை வைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். 2000-இல் வெளியான அந்த விடை, எந்தத் தொடர்பும் இல்லை என்பது. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சிறிய ஆய்வுகளில் பெரிதாகத் தெரிந்த தொடர்பு பெரிய ஆய்வுகளில் மங்கிவிடுவதைக் காட்டினார்கள். விடை "ஆம்" என்று வந்த சிறிய ஆய்வுகள் அச்சேறுகின்றன. "இல்லை" என்று வந்தவை மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. இதில் என்னை மிகவும் கவர்ந்தது 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, பாரிஸ் என்று பெயரிடப்பட்ட ஆய்வு (ஊரின் பெயர் அன்று, ஆய்வின் சுருக்கப் பெயர்). டிடி வகையினரை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த நொதியைத் தடுக்கும் குவினாப்ரில் மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். ஊகம் சரியென்றால் அவர்களுக்குச் சுருக்கம் குறைந்திருக்க வேண்டும். மாறாக, மருந்து எடுத்தவர்களுக்கே குழாயின் உள்விட்டம் கூடுதலாகக் குறைந்திருந்தது.

ஆகவே உங்கள் தந்தைக்கு டிடி என்று அறிக்கை வந்தால், அதை வைத்து ஒரு மருத்துவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. எம்.டி.எச்.எஃப்.ஆர். பற்றியும் அதிகம் எழுதத் தேவையில்லை. ஹோமோசிஸ்டீன் அளவு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும்போது, அதைச் சற்று உயர்த்தக்கூடிய மரபணுவைத் தனியாகப் பணம் கொடுத்துப் பார்ப்பது வீண்.

பதிவு 7 – பனையோலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் பணிபுரிந்தவன். குருதியில் அளக்கக்கூடியவற்றைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் வைகைக்கரையின் தந்தையாருக்கு ஹோமோசிஸ்டீன் 22 என்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வந்தது.

ஹோமோசிஸ்டீன் என்பது புரத உணவிலுள்ள மெத்தியோனினிலிருந்து உடலில் உண்டாகும் அமினோ அமிலம். அதை அப்புறப்படுத்த ஃபோலேட், பி12, பி6 ஆகிய உயிர்ச்சத்துகள் வேண்டும். அது மிகுந்தால் குழாயின் உட்படலம் பாதிக்கப்படும் என்பது கருத்து. 2001-இல் சுவிட்சர்லாந்து வைத்தியர்கள், ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட 205 பேரைப் பிரித்து ஒரு சாராருக்கு இம்மூன்று உயிர்ச்சத்துகளையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். மறுசுருக்கம் 37.6 விழுக்காட்டிலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. விலை மலிவான ஒரு குளிசை, அபாயத்தை ஏறத்தாழப் பாதியாக்கிவிட்டது! உலகம் முழுவதும் வைத்தியர்கள் ஃபோலிக் அமிலம் எழுதத் தொடங்கினார்கள். உங்கள் உறவினர் சொல்வது அந்தக் காலத்தின் எச்சமாக இருக்கலாம்.

மூன்றே ஆண்டுகளில், 2004-இல், அதே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஒஃப் மெடிசினில் ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் 636 பேரை வைத்துச் செய்த சோதனை வெளியாயிற்று. அவர்கள் அனைவருக்கும் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருந்தது. உயிர்ச்சத்து எடுத்தவர்களுக்கு மறுசுருக்கம் 34.5 விழுக்காடு, எடுக்காதவர்களுக்கு 26.5 விழுக்காடு. குளிசை தீங்கு செய்திருந்தது. இதற்கு அவர்கள் கூறிய விளக்கங்களில் ஒன்று: ஃபோலேட் என்பது செல்கள் பிரிந்து பெருகுவதற்குத் தேவையான சத்து, ஸ்டென்ட்டுக்குள் நிகழும் சுருக்கமோ முழுக்க முழுக்கச் செல்களின் பெருக்கம், பெருகும் செல்களுக்கு உணவு ஊட்டியதுபோல் ஆகிவிட்டது. வெறும் பலூன் செய்தவர்கள் பெருமளவில் இருந்த முதல் ஆய்வில் குழாய் திரும்பச் சுருங்குவதும் சேர்ந்திருந்ததால் விடை வேறாக வந்திருக்கலாம்.

அதே ஆய்வில் ஒரு நுணுக்கமும் உண்டு. பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள், ஹோமோசிஸ்டீன் 15 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் ஆகிய மூன்று பிரிவினரிடம் இந்தத் தீங்கு தென்படவில்லை. தந்தையார் இவற்றில் இரண்டு பிரிவுகளில் வருகிறார். உட்பிரிவுக் கணக்குகளை நம்பி மருந்து கொடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பற்றியும் ஒரு சொல். ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாளிலும் சி.ஆர்.பி. இறங்காதிருந்த 83 பேரைத் தேர்ந்தெடுத்து இத்தாலியில் பிரட்னிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வந்த முடிவில் மறுசுருக்கம் 33 விழுக்காட்டிலிருந்து 7 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் அவ்வளவு ஸ்டீரொய்டை நீரிழிவு நோயாளிக்கு யார் துணிந்து கொடுப்பார்?

பதிவு 8 – வைகைக்கரை

பனையோலை ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. படிக்கப் படிக்க, ஃபோலிக் அமிலத்தை நேற்றே வாங்கி வைத்தது பிழையோ என்று அஞ்சுகிறேன். 22 என்ற எண்ணை அப்படியே விட்டுவிடலாமா?

பதிவு 9 – பழைய ஸ்டெத்

அப்படியே விட வேண்டாம். வாழ்நாள் முழுவதும் சைவ உணவு, பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் (அவர் அதை எடுப்பார் என்று ஊகிக்கிறேன்), இவற்றோடு ஹோமோசிஸ்டீன் 22 என்றால் எனக்கு முதலில் தோன்றுவது பி12 குறைபாடு. பி12 அளவையும் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினையும் பாருங்கள். சிறுநீரகம் தளர்ந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும், சிறுநீரக நோய் தன்னளவிலேயே மறுசுருக்க ஆபத்தைக் கூட்டவும் செய்யும். பி12 குறைந்திருந்தால் அதைத் திருத்த வேண்டியது நரம்புக்காகவும் ரத்தத்துக்காகவும், ஸ்டென்ட்டுக்காக அன்று. பி12 குறைபாடு இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தோன்றி, நரம்புப் பாதிப்பு மறைவாக முன்னேறும். வாங்கி வைத்த மாத்திரையை அந்த அளவு தெரியும்வரை திறக்காதீர்கள்.

பதிவு 10 – கூட்டல்கழித்தல்

நான் மருத்துவன் அல்லன். காப்பீட்டுக் கணக்குப் பார்ப்பவன். ஒவ்வொரு காரணியும் தனித்தனியே சிறிது ஆபத்தைக் கூட்டுகிறது என்றால், பத்துக் காரணிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடலாமே? வாகன விபத்துக்கு நாங்கள் அப்படித்தான் கணிக்கிறோம். இரட்டைச்சுருள் முழுவதையும் ஒதுக்கித் தள்ளுவது அவசரமாகப் படுகிறது.

பதிவு 11 – இரட்டைச்சுருள்

நியாயமான கேள்வி. ஓர் உண்மைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தட்டணுக்களின் மேற்பரப்பில் உள்ள கிளைக்கோபுரோட்டீன் 3ஏ என்ற புரதத்தின் மரபணுவில் பிஎல்ஏ2 என்று ஒரு வடிவம் உண்டு. 1999-இல் மியூனிக்கில் 1,150 பேரிடம் பார்த்தபோது, அதைச் சுமப்பவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் சுமக்காதவர்களில் 38.3 விழுக்காட்டினருக்கும் மறுசுருக்கம் ஏற்பட்டது. புள்ளியியல்படி இது உண்மையான வேறுபாடு. ஆனால் சோதனை முடிவைக் கையில் வைத்திருக்கும் ஒரு தனிமனிதரிடம் என்ன சொல்வீர்கள்? மரபணு இருந்தாலும் பாதிப் பேருக்கு மேல் தப்பிக்கிறார்கள். இல்லாவிட்டாலும் பத்தில் நான்கு பேருக்குச் சுருங்குகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆயிரம் பேரின் சராசரி போதும், மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் விடை வேண்டும்.

சேர்த்துக் கணக்கிட வேண்டுமானால் ஒவ்வொரு காரணியும் வெவ்வேறு இடங்களில் மீண்டும் மீண்டும் நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். அங்கேதான் இந்தத் துறை சறுக்கியது. நெதர்லாந்தில் 3,104 நோயாளிகளை வைத்து நடந்த, ஜெண்டர் என்று பெயரிடப்பட்ட ஆய்வு, இதுவரை நடந்தவற்றில் மிகக் கவனமான ஒன்று. அதிலும் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 9.8 விழுக்காட்டினர் மட்டுமே. மரபணுத்தொகுதி முழுவதையும் அலசும் கருவி கைக்கு வந்து, 2011-இல் அந்தத் திட்டத்தின் அலசல் வெளியானபோது, பாதிக்கப்பட்டவர்களாகச் சேர்க்க முடிந்தது 295 பேரை. சர்க்கரை நோய்க்கும் உயரத்துக்கும் லட்சக்கணக்கானோரை வைத்துச் செய்யும் வேலையை 295 பேரை வைத்துச் செய்ய முடியாது. இனிமேல் அந்த எண்ணிக்கை கூடும் என்று நம்பவும் வழியில்லை; மருந்து பூசிய ஸ்டென்ட் வந்த பிறகு நோயே அரிதாகிவிட்டது, நோயின் தன்மையும் மாறிவிட்டது. வெற்று உலோக ஸ்டென்ட் காலத்தில் கண்டுபிடித்த ஒரு மரபணுவை இன்றைய ஸ்டென்ட்டுக்குப் பொருத்துவதே கேள்விக்குரியது.

ஒரு விதிவிலக்கை மட்டும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். செல் பிரிவதற்குக் கடிவாளம் போடும் பி27 என்ற புரதம் உண்டு. அதன் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் இயக்கிப் பகுதியில் ஓரிடத்தில் ஏஏ என்ற வடிவம் உள்ளவர்களுக்கு மறுசிகிச்சை குறைவாகத் தேவைப்பட்டதாக அதே ஜெண்டர் குழு 2009-இல் காட்டியது. அந்த வடிவத்தில் கடிவாளப் புரதம் கூடுதலாக உற்பத்தியாகிறது. ஸ்டென்ட்டின் மேல் பூசப்படும் சிரோலிமஸ் மருந்தும் இதே கடிவாளத்தைத்தான் இறுக்குகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த இணைப்பு.

பதிவு 12 – தேரிக்காடு

தழும்பு என்று ஐயா சொன்னதால் கேட்கிறேன். காது குத்திய இடத்தில் கட்டியாகத் தழும்பு வளர்பவர்களுக்கு ஸ்டென்ட்டும் அதிகம் சுருங்குமா? நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் ஸ்டென்ட் வைக்கக்கூடாது என்றும் ஒருவர் கூறினார்.

பதிவு 13 – பழைய ஸ்டெத்

நான் எடுத்துக்காட்டாகச் சொன்னதையே ஒரு மருந்து நிறுவனம் மெய்யாக எடுத்துக்கொண்டது. தழும்புக் கட்டிகளுக்கு ஜப்பானில் கொடுக்கப்படும் டிரானிலாஸ்ட் என்ற மருந்தை, பிரெஸ்டோ என்ற ஆய்வில் 11,484 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2002-இல் விடை வந்தது: எந்தப் பலனும் இல்லை. உவமை ஓரளவுக்குத்தான் உதவும்.

நிக்கல் பற்றி 2000-இல் லான்செட்டில் ஒரு ஜெர்மன் ஆய்வு வந்தது. 131 பேருக்குத் தோலில் ஒட்டிப் பார்த்ததில் உலோக ஒவ்வாமை தெரிந்த பத்துப் பேருக்கும் மறுசுருக்கம் இருந்தது. கேட்பதற்கு அச்சமூட்டினாலும், பத்துப் பேரை வைத்து முடிவுகட்ட முடியாது. பின்வந்த ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. ஸ்டென்ட் வைக்கும் முன் யாரும் வழக்கமாக ஒவ்வாமைச் சோதனை செய்வதில்லை. இன்னொன்று சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் வருந்துவார்கள்: தங்க முலாம் பூசிய ஸ்டென்ட் நல்லதாக இருக்கும் என்று ஒரு காலத்தில் தயாரித்தார்கள், அதில்தான் சாதாரண எஃகு ஸ்டென்ட்டைவிட மறுசுருக்கம் அதிகமாக இருந்தது.

இனி வைகைக்கரைக்கு. யாருக்குச் சுருங்கும் என்று முன்னறியும் முயற்சி தோற்ற அதே ஆண்டுகளில், யாராக இருந்தாலும் சுருங்காமல் தடுக்கும் முயற்சி வென்றது. ஈஸ்டர் தீவில் 1964-இல் கனடாக் குழுவினர் திரட்டிய மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, மாண்ட்ரியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் சுரேந்திர நாத் சேகல் உள்ளிட்டோர் பிரித்தெடுத்த பொருள்தான் சிரோலிமஸ். அதைப் பூசிய ஸ்டென்ட்டை 238 பேரிடம் சோதித்த ராவெல் ஆய்வு 2002-இல் வெளியானபோது, வெற்று ஸ்டென்ட்டில் 26.6 விழுக்காடு, பூசிய ஸ்டென்ட்டில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை முதலில் நாங்கள் யாரும் நம்பவில்லை. சிக்கலான அடைப்புகளிலும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு அது பூஜ்யமாக நிலைக்கவும் இல்லை. ஆனாலும் முன்பு நான்கில் ஒன்றாக இருந்தது பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

ஆகவே மருந்து பூசிய ஸ்டென்ட் எட்டே மாதத்தில் சுருங்கியிருக்கிறது என்றால், என் அனுபவத்தில் முதல் சந்தேகம் அந்த ஸ்டென்ட் முழுமையாக விரிந்ததா என்பதுதான். அடைப்பில் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தால், ஸ்டென்ட் அதற்குள் பிதுங்கிப் பாதியாக விரிந்து நிற்கும். சாதாரண ஆஞ்சியோ படத்தில் அது சரியாகவே இருப்பதுபோல் தோன்றும். குழாய்க்குள் கருவியைச் செலுத்தி ஒலியலையால் பார்க்கும் ஐவஸ் முறையிலோ ஒளியால் பார்க்கும் ஓ.சி.டி. முறையிலோதான் உண்மை தெரியும். ஐவஸ் அளவில் ஸ்டென்ட்டின் மிகக் குறுகிய பரப்பு 5.5 சதுர மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. நீளமான ஸ்டென்ட், சிறிய குழாய், கிளை பிரியும் இடம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். உடம்பு வாகு என்று சொன்னவர் இவற்றை எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று கேளுங்கள்.

ரத்தத்தில் தேட வேண்டுமென்றால் உங்கள் கையிலேயே இருக்கும் 8.9-ஐப் பாருங்கள். எத்தனையோ காரணிகள் வந்து போன இத்தனை ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலும் அசையாமல் நின்றது சர்க்கரை நோய் ஒன்றுதான். மிகுந்த சர்க்கரையும் அதனால் பழுதான புரதங்களும் குழாய்ச் சுவரில் அழற்சியை நீட்டித்து, தசைச் செல்களைப் பெருகத் தூண்டுகின்றன. சுருக்கம் திரும்பத் திரும்ப வந்தால், பல குழாய்களில் அடைப்பும் இருந்தால், பைபாஸ் பற்றியும் பேச வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளிகளை வைத்து 2012-இல் வெளிவந்த ஃப்ரீடம் ஆய்வில் ஐந்தாண்டு முடிவு பைபாஸுக்கே சாதகமாக இருந்தது. அந்த முடிவுக்கு இப்போதே போக வேண்டியதில்லை.

முதல் சிகிச்சையின் படங்கள் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி, இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதிவு 14 – வைகைக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. மரபணுத் தொகுப்பை எடுக்கவில்லை. குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் ஐவஸ் செய்து பார்த்ததில், ஸ்டென்ட்டின் நடுப்பகுதி 4.1 சதுர மில்லிமீட்டர் அளவுக்கே விரிந்திருந்தது. அதற்கு வெளியே சுண்ணாம்பு வளையமாகச் சூழ்ந்திருப்பதைத் திரையில் எங்களுக்கும் காட்டினார். உயர் அழுத்த பலூனால் அதை விரித்து, பிறகு மருந்து பூசிய பலூனை வைத்து எடுத்தார்கள். புதிய ஸ்டென்ட் வைக்கவில்லை. அப்பா இப்போது மாடி ஏறுகிறார், அம்மா வேண்டாம் என்றாலும்.

பி12 மிகவும் குறைவாக இருந்தது, ஊசி போடுகிறார்கள். மெட்ஃபார்மின் பற்றி ஐயா ஊகித்தது சரி, பதினோரு ஆண்டுகளாக எடுக்கிறார். சர்க்கரை மருந்தையும் மாற்றியிருக்கிறார்கள்.

அந்த மருத்துவர் அண்ணனையும் என்னையும் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார், லைப்போபுரோட்டீன் சிறிய ஏ. அண்ணனுக்கு 18, எனக்கு 96 மில்லிகிராம். இந்தத் தொகுப்பு எதுவும் வேண்டாம் என்று எல்லோரும் சொன்ன பிறகு, இது மட்டும் ஏன் என்று விளங்கவில்லை. எனக்கு நாளை ஸ்டென்ட் வைத்தால் சுருங்கும் என்று பொருளா?

பதிவு 15 – பனையோலை

தந்தையார் நலமாயிருப்பது மகிழ்ச்சி. இந்தப் பரிசோதனையின் நோக்கம் வேறு. சிறிய ஏ என்பது கெட்ட கொலஸ்ட்ரோலைப் போன்ற ஒரு துகளோடு இன்னொரு புரதம் ஒட்டியிருப்பது. அதன் அளவை உணவோ உடற்பயிற்சியோ அதிகம் மாற்றாது, எல்.பி.ஏ. என்ற ஒரு மரபணுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஸ்டென்ட் மீண்டும் சுருங்குவதில் அதன் பங்கைப் பற்றி ஆய்வுகள் பல ஆண்டுகளாக முன்னுக்குப்பின் முரணாகவே பேசிவந்தன. ஆனால் முதல் அடைப்பு உண்டாவதில் அதன் பங்கு உறுதியானது. 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் ஆபத்து கூடுதல் என்று கொள்வது வழக்கம். வாழ்நாளில் ஒரு தடவை அளந்தால் போதும் என்று ஐரோப்பிய இதயநோய்ச் சங்கம் 2019-இல் பரிந்துரைத்தது. உங்களுக்கு வந்திருக்கும் 96, ஸ்டென்ட் வைக்கும் நிலைக்கே போகாமலிருக்கக் கெட்ட கொலஸ்ட்ரோலையும் குருதி அழுத்தத்தையும் மற்றவர்களைவிடக் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான தகவல். உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் ஒருமுறை அளந்துகொள்ளலாம்.

தந்தையாருக்கு அளந்தார்களா?

பதிவு 16 – வைகைக்கரை

இல்லை ஐயா, அவருக்கு இதுவரை யாரும் கேட்கவில்லை. அம்மா வழியிலிருந்தும் எனக்கு வந்திருக்கலாம் அல்லவா? வியாழக்கிழமை பி12 ஊசிக்குப் போகும்போது இருவருக்குமே எடுத்துவிடுகிறோம். எண் வந்ததும் இங்கே இடுகிறேன்.